சீட்டு எடுப்பதற்கு முன்: நம் அரசியலை அளக்க எந்த நீதிக் கோட்பாடு?

போன தேர்தல் சமயத்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு வேலை செய்தோம். கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளை எடுத்துவைத்து, சமூக நீதிக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஆளாளுக்கு மார்க் போட்டோம். எட்டுப் பேர். கூட்டிப் பார்த்தால், அவரவர் ஓட்டுப் போடப்போகிற கட்சிக்கு அவரவர் எண்பதுக்கு மேல் கொடுத்திருந்தோம். நானும்தான். வட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். "தராசு இல்லாம எடை போட்டா இப்படித்தான் சாரே இருக்கும்" என்றார்.

அதனால் இந்த முறை முதலில் தராசு, பிறகு அறிக்கை என்று முடிவு. குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு நூலகத்தின் பின்திண்ணை, ஞாயிறு மத்தியானம், கட்டன் சாயா. நான்கு வாரம் எடுத்தது. தேர்வுக்கு வந்தவை ஐந்து கோட்பாடுகள்: பெந்தாமின் பயன்பாட்டுவாதம், ராபர்ட் நோசிக்கின் உடைமைக் கோட்பாடு, ஜான் ரால்ஸின் நீதிக் கோட்பாடு, அமர்த்தியா சென்னின் இயலுமை அணுகுமுறை, அம்பேத்கர் வலியுறுத்திய சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். மார்க்ஸ் எங்கே என்று கேட்பீர்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பிறந்த மாவட்டம் இது, வட்டத்தில் மூன்று தோழர்கள் உண்டு. மார்க்ஸை எடுத்தால் நான்கு வாரம் நான்கு வருடமாகிவிடும் என்று அவர்களே ஒத்துக்கொண்டு விலக்கிவைத்தார்கள்.

தராசிடம் நாங்கள் எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்த கட்சிக்கு எதிராகவும் அது முள் காட்ட வேண்டும். சாதி இருக்கிற நாட்டில் வேலை செய்ய வேண்டும். தத்துவம் படிக்காத ஒருவர் ஒரு மத்தியானத்தில் அதைக் கையில் எடுத்து உபயோகிக்க முடிய வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் பெரிய பெரிய பெயர்கள் தடுக்கி விழுந்தன.

பயன்பாட்டுவாதத்தைப் புரிந்துகொள்வது சுலபம். மொத்த நன்மை எதில் அதிகமோ அதுவே சரி. அரசாங்கம் பேசுகிற பாஷையும் பெரும்பாலும் இதுதான். 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை குளச்சல் அருகே இனயத்தில் பெரிய துறைமுகம் அமைக்கக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. இந்தியச் சரக்குகள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் போய்க் கப்பல் மாறுகின்றன, அந்த வருமானம் நமக்கே கிடைக்கட்டும் என்பது கணக்கு. கரையோர ஊர்கள் எதிர்த்தன. திட்டத்தைக் கிழக்கே கோவளம், கீழமணக்குடி பக்கம் நகர்த்தினார்கள், அங்கேயும் எதிர்ப்பு. பெந்தாமின் கணக்கில் நாட்டுக்கு வரும் லாபத்தை ஒரு தட்டிலும் சில ஆயிரம் மீனவக் குடும்பங்களின் நஷ்டத்தை மறு தட்டிலும் வைத்தால் துறைமுகம்தான் இறங்கும். ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் என்று நேர்மையாக எண்ணினாலும் அப்படித்தான். ரால்ஸ் இந்த வாதத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டு, ஆளுக்கு ஆள் வேறு என்பதை இது மறந்துவிடுகிறது என்பது. ஒருவன் வலியை இன்னொருவன் சந்தோஷத்தில் கழித்துவிட முடியாது. எங்கள் வட்டத்தில் இனயம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் உண்டு. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இந்தக் கழித்தலைச் செய்ய யாருக்கும் வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு எந்த மருந்தை எவ்வளவு வாங்குவது என்பது போன்ற காரியங்களுக்கு இந்தக் கணக்கு உதவும். சமூக நீதிக்கு வேண்டாம் என்று முதல் வாரமே விட்டுவிட்டோம்.

நோசிக் அதைவிடச் சீக்கிரம் போனார், ஆனால் போகும்போது ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனார். 1974இல் வந்த அவருடைய நூலின்படி, ஒரு சொத்து முறையாக வந்து முறையாகக் கைமாறியிருந்தால் அதில் கைவைக்க அரசுக்கு உரிமை கிடையாது. மறுபங்கீட்டுக்காக வரி வாங்குவதே அவர் கண்ணில் கட்டாய உழைப்புக்குச் சமம். வட்டத்தில் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவருக்கு இது ரொம்பப் பிடித்தது. ஆனால் அதே நூலில் மூன்றாவதாக ஒரு விதி உண்டு: முறையற்று வந்த சொத்தாக இருந்தால் சரிசெய்ய வேண்டும். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855 வரை சட்டப்படியே இருந்தது. ஊழியம் என்று கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். தலைக்கு வரி வாங்கினார்கள். இந்த மண்ணில் எந்த நிலத்தின் மூலப்பத்திரத்தைத் தோண்டினாலும் அங்கே யாரோ ஒருவருடைய கூலியில்லா வேலை கிடக்கும். நோசிக்கை நேர்மையாகப் பின்பற்றினால் இடஒதுக்கீட்டைவிடக் கடுமையான கணக்குத் தீர்ப்பு வந்துவிடும். பழைய அநீதி பெரிதாக இருந்தால் கொஞ்ச காலத்துக்குப் பெரிய அரசு தேவைப்படலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பெட்ரோல் பங்க் அண்ணன் அந்தப் பக்கத்தை இன்னும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் ரால்ஸ். இவருக்குத்தான் அதிக நேரம் போனது.

1971இல் வந்த அவருடைய நீதிக் கோட்பாட்டின் மையம் ஒரு கற்பனை. ஒரு நாட்டின் அடிப்படை விதிகளை எழுத உட்காருகிறீர்கள். அந்த நாட்டில் நீங்கள் யாராகப் பிறக்கப்போகிறீர்கள் என்று தெரியாது. சாதி, மதம், ஆணா பெண்ணா, அறிவாளியா, சொத்து உண்டா, எதுவும் தெரியாது. அவர் இதை அறியாமைத் திரை என்கிறார். திரைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு எந்த விதிகளுக்குச் சம்மதிப்பீர்கள்? ரால்ஸ் சொல்லும் விடை வரிசையாக வரும். முதலில் எல்லோருக்கும் சமமான அடிப்படைச் சுதந்திரங்கள். அடுத்தது வேலையும் பதவியும் ஒரே திறமையும் முயற்சியும் உள்ள எல்லோருக்கும் பிறப்பு குறுக்கே வராமல் எட்டும்படி இருப்பது. அதற்குப் பிறகு, ஏற்றத்தாழ்வு இருந்தால் அது ஆகக் கீழே இருப்பவருக்கு ஆக நல்லதாக முடிய வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது. பணத்தைக் கொடுத்து மனசாட்சிச் சுதந்திரத்தை வாங்கிக்கொள்ள முடியாது.

படித்துக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், வேலை நடப்பதில்லை. அதனால் திரையை ஏத்தங்காய் சிப்ஸ் வந்த ஒரு டப்பாவாக மாற்றினோம். நோட்டுத் தாளைக் கிழித்து ஒன்பது சீட்டு எழுதினோம். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடிக் குடியிருப்பில் பிறக்கும் பெண் குழந்தை. தூத்தூரிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர். அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்து அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிற விதவை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் குடியேறிய வீட்டுப் பையன். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணத்தில் இரண்டு மாடி கட்டிய அம்மா. நாஞ்சில் நாட்டில் ஐந்து ஏக்கர் வயல்காரர். முற்பட்ட சாதியில் பிறந்து, நிலமெல்லாம் போய், கோயில் சம்பளத்தில் இருப்பவர். சர்ச்சுக்குப் போகிற சாம்பவர் (தலித்) குடும்பத்துப் பெண். நாகர்கோவில் டாக்டர் ஒருவர்.

விதி ஒன்றே ஒன்று. முதலில் ஒரு வாக்குறுதிக்கு ஆதரவா எதிர்ப்பா என்று தாளில் எழுதி மடித்து வைக்க வேண்டும். பிறகு சீட்டு எடுக்க வேண்டும். எடுத்த பிறகு "என் ஓட்டை மாற்றிக்கொள்ளட்டுமா" என்று யாராவது கேட்டால், அந்த வாக்குறுதியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

முதல் வாக்குறுதியாக மகளிர் உரிமைத் தொகையை எடுத்தோம். 2023 செப்டம்பரில் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், நிலத்துக்கும் ஓர் அளவு என்று நிபந்தனைகள் இருந்தன. வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பாட்டா நிபந்தனைகளை இன்னும் இறுக்க வேண்டும் என்று எழுதி மடித்தார். வசதி உள்ளவனுக்கு ஏன் போக வேண்டும் என்பது அவர் நியாயம். டப்பாவில் கைவிட்டார். வந்தது அண்டி ஆபீஸ் விதவை.

கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு நிஜமாகவே உண்டு. மூன்று குடும்பம், ஒரு மீட்டர். யூனிட் எகிறிவிட்டது, மனு தள்ளுபடி. அதைப் பாட்டாவுக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை, அவருக்கே தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மீட்டர் யார் பேருல இருக்குன்னு ஒரு காலம் சேக்கணும்" என்றார். வங்கிக்காரர் அல்லவா, நிபந்தனையைத் தளர்த்த மனசு வராது, படிவத்தில் ஒரு காலம் சேர்ப்பார்.

இந்த இடத்தில் ரால்ஸைப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். ஆகக் கீழே இருப்பவருக்கு மட்டும் கொடு என்று அவர் சொல்லவில்லை. மொத்த ஏற்பாடும் அவருக்கு நல்லதாக முடிய வேண்டும் என்கிறார். சலிக்கிற சல்லடை ஆகக் கீழே இருப்பவரையே வெளியே தள்ளுமானால், சல்லடையே இல்லாமல் எல்லோருக்கும் கொடுப்பதுதான் அவர் விதிப்படி நியாயம். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் என்று கோடு கிழித்தபோதும், தமிழ்நாடு எல்லாக் குடும்பத்துக்கும் கார்டு என்ற பழைய முறையை விடவில்லை. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஏறினால் போதும், ஏழை என்று நிரூபிக்க வேண்டாம்.

ஏழை என்று நிரூபிக்க வேண்டியிருப்பது சின்ன விஷயமில்லை. எல்லோருக்கும் தேவையான முதன்மைப் பொருள்கள் என்று ரால்ஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்: உரிமைகள், வாய்ப்புகள், வருமானம், சொத்து. அதில் சுயமரியாதைக்கான சமூக அடிப்படையும் ஒன்று. ஒருவேளை எல்லாவற்றிலும் முக்கியமானது அதுவாகத்தான் இருக்கும் என்று அவர் எழுதியிருக்கிறார். இந்தியாவில் ரால்ஸைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வருமானத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

வருமானத்தோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டாவது வாக்குறுதி. 2019 ஜனவரியில் அரசியல் சட்டத்தின் 103ஆவது திருத்தம், பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்குப் பத்து சதவீத இடஒதுக்கீடு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோரில் உள்ள ஏழைகளுக்கு அதில் இடமில்லை. 2022 நவம்பர் 7இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று அதை ஏற்றது. தலைமை நீதிபதி லலித்தும் நீதிபதி ரவீந்திர பட்டும் மறுத்தார்கள். மத்திய அரசு வேலைக்கு இதற்கான வருமான உச்சவரம்பு வருடத்துக்கு எட்டு லட்சம் என்று வாசித்தபோது ரப்பர் அண்ணன் சாயாவைக் கீழே வைத்தார். "எட்டு லெட்சமா? மாசத்துக்கு அறுபத்தாறாயிரமா? அப்போ நான் யாரு?"

திரைக்குப் பின்னால் இருந்து பார்த்தால் விடை வேகமாகவே வருகிறது. நாளைக்கு நான் காணிக் குடியிருப்பிலோ அண்டி ஆபீஸிலோ பிறக்கலாம் என்றால், ஏழைக்கு என்று எழுதிவிட்டு என்னை வெளியே நிறுத்துகிற விதிக்கு நான் கையெழுத்துப் போடுவேனா? அவர்களுக்கு வேறு கதவு இருக்கிறதே என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதம். அதையும் பேசினோம். பழங்குடிக்கு மாநிலத்தில் உள்ள கதவு ஒரு சதவீதம். கோயில் சம்பளக்காரரின் சீட்டு யாருக்கு வந்ததோ அவர் கேட்டார்: என் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வழி இல்லையே, ரால்ஸ் என்னை எங்கே வைத்திருக்கிறார்? நியாயமான கேள்வி. ஃபீஸ் கட்ட முடியாததற்கு ஃபீஸைக் கட்டும் உதவித்தொகை மருந்து. அதிகாரத்தில் காலடி வைக்கவே விடாமல் தலைமுறையாகத் தடுக்கப்பட்டதற்குத்தான் இடஒதுக்கீடு மருந்து. இது என் கருத்து, வட்டத்தில் இரண்டு பேர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இடஒதுக்கீட்டைப் பற்றி ரால்ஸ் தன் நூல்களில் நேரடியாக ஏறக்குறைய ஒன்றும் எழுதவில்லை. அவர் விதிகளை நாம்தான் இழுத்து இங்கே பொருத்துகிறோம்.

மூன்றாவது சோதனை எங்கள் மாவட்டத்துக்கே உரியது. 2011 கணக்கில் இங்கே 46.85 சதவீதம் கிறிஸ்தவர்கள். 1950இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குக் கைகொடுக்காது. தனித்தொகுதியில் நிற்க முடியாது. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர் வழக்குப் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்கிற இந்து ஆதிதிராவிடருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கிறது, தனக்கு இல்லை என்று. மதம் மாறிய பிறகும் அதே அளவுக்கு இழிவு தொடர்கிறது என்று காட்டவில்லை என்று சொல்லி 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அந்தச் சாம்பவர் வீட்டுப் பெண்ணின் சீட்டை எடுத்தது குவைத்தில் இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு வந்த அக்கா. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஞாயித்துக்கிழமை நான் எங்க போறேன்னு சர்க்காருக்கு எதுக்கு?" ரால்ஸின் முதல் விதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மனசாட்சிச் சுதந்திரத்துக்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. கீழே இருப்பவருக்கு எது நல்லது என்ற கணக்கு வரை போகவே வேண்டாம், முதல் படியிலேயே விடை வந்துவிடுகிறது. சேர்த்தால் ஏற்கெனவே உள்ள 18 சதவீதத்தில் பங்கு குறையும் என்ற இந்து தலித்துகளின் கவலை நிஜமானது. அது சதவீதத்தைப் பற்றிய கேள்வி, அதைத் தனியாகப் பேசலாம். இவ்வளவு தெளிவாக முள் காட்டிய தராசு ஐந்தில் வேறு இல்லை.

சென்னுக்கு மூன்றாவது வாரம். ரால்ஸுக்கு நண்பர், 2009இல் எழுதிய நீதி பற்றிய நூலை ரால்ஸின் நினைவுக்கே சமர்ப்பித்தவர், அதே நூலில் ரால்ஸோடு சண்டையும் போடுகிறார். முழுக்க நீதியான சமூகம் எப்படி இருக்கும் என்று வரைபடம் போட்டுக்கொண்டிருக்காதே, கண்முன்னால் இருக்கிற இரண்டில் எது குறைந்த அநீதி என்று பார் என்கிறார். தேர்தல் அறிக்கைகளை ஒப்பிட இது ரொம்பப் பொருத்தம். நீதி, நியாயம் என்று இரண்டு சம்ஸ்கிருதச் சொற்களை எடுத்து இங்கிலீஷ் வாசகர்களுக்கு வித்தியாசம் விளக்குகிறார்: ஏட்டில் உள்ள ஏற்பாடு ஒன்று, ஆளுக்கு நடந்தது இன்னொன்று. நமக்கு இது விளக்க வேண்டியதே இல்லை. கோர்ட்டில் நீதி கேட்கிறோம், நாலு பேர் கூடின இடத்தில் நியாயம் கேட்கிறோம்.

கையில் என்ன கொடுத்தாய் என்பதை விட்டுவிட்டு, அதை வைத்து அவர் என்ன செய்ய, என்னவாக இருக்க முடிகிறது என்று பார்க்கச் சொல்வதுதான் சென்னின் பலம். அதே 1,000 ரூபாய். தக்கலையில் இருக்கிறவருக்கு ஏ.டி.எம். நடக்கிற தூரம். பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிற காணிப் பெண்ணுக்கு அதை எடுத்து வர ஒரு நாள் கூலி போகும். தொகை ஒன்றுதான், கைக்கு வருவது ஒன்றில்லை. ஒக்கி புயலின்போது, 2017 நவம்பர் கடைசியில், ஆழ்கடலில் இருந்தவர்களிடமும் நல்ல படகும் ஜி.பி.எஸ்.ஸும் இருந்தன. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வருமானத்தை அளக்கிற எந்தக் கோலும் அந்தக் குறையைக் காட்டியிருக்காது.

தராசாக வைத்தபோது என்ன நடந்தது? முக்கியமான இயலுமைகளை எழுதுங்கள் என்றேன். எட்டுப் பேரும் எழுதியதைச் சேர்த்தால் முப்பத்தொன்று. எதற்கு எது முந்தி? சென் வேண்டுமென்றே பட்டியலையும் வரிசையையும் தரவில்லை, அந்தந்தச் சமூகம் பேசி முடிவு செய்யட்டும் என்கிறார். இதே அணுகுமுறையை வளர்த்த மார்த்தா நுஸ்பாம் பத்து என்று நிறுத்தினார், ஆனால் ஒன்றுக்கு ஒன்று விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறார். சாயங்காலம் ஆறு மணி வரை பேசினோம், ஜனநாயகம் தழைத்தது, மார்க் விழவில்லை. இன்னொரு ஆபத்தும் கண்ணில் பட்டது. 91.75 சதவீத எழுத்தறிவு, ஆயிரம் ஆணுக்கு 1,019 பெண்கள் என்று 2011 கணக்கைக் காட்டி எந்த வேட்பாளரும் குமரி மாவட்டத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிடலாம். படித்த பிள்ளைகள் காலை ரயிலில் திருவனந்தபுரத்துக்குத் தொங்கிக்கொண்டு போவதும் இயலுமைக் குறைவுதான் என்று சென் சொல்வார். ஆனால் அதற்குள் வேட்பாளர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

அம்பேத்கர் வந்த வாரம் தோழர்கள் மூவரும் நேரத்துக்கு வந்தார்கள். 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அவர் சொன்ன எச்சரிக்கை எல்லோருக்கும் தெரியும்: அரசியலில் சமத்துவமும், சமூகப் பொருளாதார வாழ்க்கையில் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழைகிறோம். அதே பேச்சில் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் சகோதரத்துவத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது என்கிறார். இந்த மூன்றாவது சொல்தான் எங்களை உலுக்கியது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் இருந்த ஊரில்தான் 1982இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காடு கலவரம் நடந்தது. எந்தப் பங்கீட்டுக் கணக்கிலும் அது வராது. ஆகக் கீழே இருப்பவருக்கு நல்லதாக முடிய வேண்டும் என்ற தன் வேறுபாட்டு விதியே சகோதரத்துவத்தின் வடிவம்தான் என்று ரால்ஸ் சொல்லிப்பார்க்கிறார். மண்டைக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அது போதாது.

அதைவிடப் பெரிது, சாதியைப் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் வைத்த வாதம். மேலே ஒருவன், கீழே ஒருவன் என்றால் கீழே இருப்பவர்கள் ஒன்றுசேரலாம். ஏணியில் ஒவ்வொருவனுக்கும் கீழே ஒருவன் இருந்தால் எப்படிச் சேர்வது? எங்கள் ஊர் வரலாற்றிலேயே இதற்கு எழுத்துச் சான்று உண்டு. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859 ஜூலை 26இல் திருவிதாங்கூர் அரசு உத்தரவு போட்டது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம். எப்படி? கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போலக் குப்பாயம் என்ற சட்டை போடலாம், அல்லது மீனவ முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. விடுதலை கொடுக்கிற தாளிலேயே ஏணிப்படி வரைந்து கொடுத்திருக்கிறார்கள். மேலே இருந்தவர்களை எதிர்த்து ஜெயித்த சாதிகள் கீழே இருந்தவர்களுக்கு எவ்வளவு வழிவிட்டோம் என்பதை அவரவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பார்த்துக்கொள்ளலாம். நான் என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அம்பேத்கரையே தராசாக வைக்க என்ன தடை? தடை அவரிடம் இல்லை, கட்சிகளிடம் இருக்கிறது. எல்லா அறிக்கையிலும் அவர் படம் உண்டு, எல்லாரும் அவர் பெயரில் சத்தியம் செய்கிறார்கள். சகோதரத்துவத்துக்கு மார்க் போடுங்கள் என்றால் எல்லாருக்கும் தொண்ணூறு விழுகிறது. போன தேர்தல் கதைதான் திரும்பவும்.

ஆனால் அவர் இல்லாமல் ரால்ஸ் இங்கே குருடு. ஆகக் கீழே இருப்பவர் யார் என்பதை ரால்ஸ் பெரும்பாலும் வருமானத்தையும் சொத்தையும் வைத்தே அடையாளம் காட்டுகிறார். 1859க்கு முன்னால் ஒரு அதிகாரி வருமானச் சான்றிதழை வைத்து எங்கள் ஊரில் கீழே இருப்பவரைத் தேடியிருந்தால், தோள்சீலை என்ற பிரச்சினையே அவர் கண்ணில் பட்டிருக்காது. காசு இருந்தாலும் போடக் கூடாது என்பதுதானே தடை. "தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்" என்று அய்யாவழியின் தலைமைப்பதியான சாமித்தோப்பில் சொல்கிறார்கள். ஐயா வைகுண்டரின் வழியில் வந்த வாக்கு, ரால்ஸுக்கு நூறு வருடத்துக்கும் மேல் மூத்தது. அதில் உள்ள சொல்லைக் கவனியுங்கள்: தாழக் கிடப்பார். இல்லாதவர் என்று சொல்லவில்லை. அங்கே எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு வெட்டியதும், ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டே உள்ளே போவதும், கண்ணாடிக்கு முன்னால் நின்று வணங்குவதும் வருமானத்தைப் பற்றிய ஏற்பாடுகள் இல்லையே.

கடைசியில் ஐந்துக்கு மூன்று என்று முடிவானது. தராசு ரால்ஸுடையது, படிக்கல் அம்பேத்கருடையது. ஒரு வாக்குறுதி வந்தால் ரால்ஸின் வரிசையில் கேட்பது: இதனால் யாருடைய சுதந்திரத்துக்காவது விலை ஒட்டுகிறதா, கதவு பிறப்பைப் பார்த்துத் திறக்கிறதா, ஆகக் கீழே இருப்பவருக்கு இது நல்லதாக முடிகிறதா. அந்த ஆகக் கீழே யார் என்பதற்கு வருமானச் சான்றிதழை மட்டும் பார்க்காமல் அம்பேத்கரின் ஏணியைப் பார்ப்பது. சென்னுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம்: ஆட்சிக்கு வந்து ஒரு வருடம் கழித்து, கொடுத்தது கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அவர்தான். தோழர்கள் மூவரும் அம்பேத்கர் மட்டுமே போதும் என்று எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, மண்டைக்காட்டுக்கு எங்கள் தராசில் இன்னும் தட்டு கிடையாது.

ரால்ஸிடம் இன்னொரு ஓட்டையும் உண்டு. பிறந்து நுழைந்து இறந்து வெளியேறுகிற மூடிய சமூகம் என்று வைத்துக்கொண்டுதான் அவர் கோட்பாட்டைக் கட்டுகிறார். பாதி வீடு வளைகுடாவில் இருக்கிற ஊருக்கு அது எப்படிப் பொருந்தும்? இதைக் கண்டுபிடித்ததும் நர்ஸ் அக்காதான். நாலாவது வாரம் சாயா கொண்டுவந்து வைத்தது ஓர் அசாம் பையன். அவன் போன பிறகு அக்கா நோட்டில் ஒரு தாளைக் கிழித்து என்னவோ எழுதி டப்பாவில் போட்டார். இங்கே ஓட்டு கிடையாது, ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது, சம்பளம் இங்கே வாங்குகிறான். பத்தாவது சீட்டு.

வேறு ஊரில் யாராவது இதைச் செய்து பார்ப்பதானால் சீட்டுகளை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் அண்டி ஆபீஸ் கிடையாது. பத்தாவது சீட்டை மட்டும் எடுத்துவிட வேண்டாம், உங்கள் ஊர் சாயாக்கடையிலும் அவன் இருப்பான்.